பனிமலைக் காதலும் பத்து நிமிடக் கணக்கும்

பனி எப்போது சரியும் என்று முன்கூட்டியே சொல்வது அவள் தொழில். சரிந்த பனிக்குள் சிக்கிய ஆளை மீட்டுக் கொண்டு வருவது அவன் தொழில். அவள் விஞ்ஞானத்தை நம்புகிறவள். அவனோ மலையில் கழித்த வருஷங்களை நம்புகிறவன். இருவரும் சந்திக்கிறார்கள். முதலில் மோதல், பிறகு சமாதானம். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஹால்மார்க் சானல் ஒளிபரப்பிய 'லவ் இன் கிளேசியர் நேஷனல்' என்ற டெலிவிஷன் படத்தின் கதை இவ்வளவுதான். பனிச்சரிவு முன்னறிவிப்பாளர் ஹெதராக ஆஷ்லி நியூப்ரோவும், மலை மீட்புப் படையின் தலைவர் கிறிஸ்ஸாக ஸ்டீபன் ஹூசாரும் நடித்திருக்கிறார்கள். புதிய தொழில்நுட்பம் ஒன்றை மீட்புப் படையினருக்கு அறிமுகப்படுத்த ஹெதர் மலைக்கு வருகிறாள். அங்கேதான் மோதல் தொடங்குகிறது. கதை நடக்கும் இடம் மொன்டானா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டியிருக்கும் கிளேசியர் தேசியப் பூங்கா.

இரவுச் சாப்பாடு முடிந்து, சாய்வு நாற்காலியில் அரைத் தூக்கத்தோடு பார்ப்பதற்கான படம்தான் இது. ஆனால் அந்த ஜோடியின் சண்டைக்கு அடியில் இருக்கும் விஷயம் விளையாட்டானது அல்ல. பனிமலைகளில் ஒருவர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் அதைப் பொறுத்தே அமைகிறது.

வாழ்த்து அட்டைக் கம்பெனியின் காதல் கதைகள்

ஹால்மார்க் என்றால் அமெரிக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வாழ்த்து அட்டை. 1910-ல் ஜாய்ஸ் ஹால் என்ற 18 வயது இளைஞர் இரண்டு செருப்புப் பெட்டிகள் நிறைய அஞ்சல் அட்டைகளை எடுத்துக்கொண்டு கன்சாஸ் சிட்டியில் வந்து இறங்கினார். அதிலிருந்து வளர்ந்தது இந்தக் கம்பெனி. பிறந்த நாள், கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று மனிதர்கள் வாயால் சொல்லக் கூச்சப்படும் அன்பை அச்சிட்டு விற்று அது பெரிதாயிற்று. 2001-ல் இதே பெயரில் டெலிவிஷன் சானலும் வந்தது.

அந்தச் சானலின் படங்களுக்கு என்று ஓர் இலக்கணம் உண்டு. நகரத்திலிருந்து ஒருத்தி சிற்றூருக்கோ மலைக்கோ வருவாள். அங்கே அவளுக்கு முற்றிலும் மாறான குணமுள்ள ஒருவன் இருப்பான். வில்லன் என்று பெரிதாக ஒருவரும் கிடையாது. இடையில் ஒரு மனஸ்தாபம் வரும், கடைசியில் தீரும். முத்தம் பெரும்பாலும் கடைசிக் காட்சிக்கென்று பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும். படப்பிடிப்பு முழுவதும் மூன்று வாரங்களுக்குள் முடிந்துவிடுவது வழக்கம். 2023-ல் தேசியப் பூங்காக்களைக் களமாக வைத்து இந்தச் சானல் சில படங்களைத் தந்தது. கிளேசியருக்கு அடுத்து ஜயான், கிரேட் ஸ்மோக்கி மலைகள் என்று காதல் ஊர் ஊராகப் போயிற்று.

பனியைக் காதலுக்குத் திரைச்சீலையாகத் தொங்கவிடுவது அமெரிக்கர்களுக்கு மட்டும் சொந்தமான வித்தை அல்ல. 1966-ல் வெளிவந்த 'அன்பே வா' படத்துக்காகவே ஏ.வி.எம். நிறுவனத்தார் எம்.ஜி.ஆரைச் சிம்லாவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். நம் படங்களில் கதாநாயகி பட்டுப் புடவையோடு பனியில் ஆடுவாள். குளிர் கதாநாயகனுக்கு மட்டும்தான், கோட்டும் அவனுக்குத்தான். ஹால்மார்க் படத்தில் இருவருக்குமே கோட்டு கொடுத்துவிடுகிறார்கள். அத்துடன் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. அங்கே பனி வெறும் திரைச்சீலையாக இல்லை; அந்த ஜோடிக்குச் சோறு போடுவதே பனிதான்.

படத்துக்கு வெளியே இருக்கும் மலை

கிளேசியர் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டதும் 1910-ல்தான். பரப்பு சுமார் 1,600 சதுர மைல். 1932-ல் இதையும், எல்லைக்கு அப்பால் உள்ள கனடாவின் வாட்டர்டன் லேக்ஸ் பூங்காவையும் சேர்த்துச் சர்வதேச அமைதிப் பூங்கா என்று அறிவித்தார்கள். பெயரில் உள்ள பனியாறுகள் இப்போது கரைந்து வருகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 150 இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள். 2015-ல் எடுத்த அளவையில், பனியாறு என்று சொல்லும் தகுதியோடு இருந்த பெயர் பெற்ற பனியாறுகள் 26 மட்டுமே.

பூங்காவைக் குறுக்கே கடந்து செல்லும் மலைப்பாதைக்குச் 'சூரியனை நோக்கிச் செல்லும் சாலை' என்று பொருள்படும் பெயர். நீளம் 50 மைல். அது ஏறிக் கடக்கும் லோகன் கணவாயின் உயரம் 6,646 அடி. குளிர்காலத்தில் மேல்பகுதி மூடப்பட்டுவிடும். வசந்தம் பிறந்ததும் பனியை வாரித் தள்ளிச் சாலையைத் திறக்கும் வேலை ஆரம்பமாகும். கணவாய்க்கு அருகே ஓரிடத்தில் காற்று கொண்டு வந்து குவிக்கும் பனி 80 அடி உயரம் வரை நிற்பதுண்டு. வாரங்கணக்கில் பாடுபட்டு, பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் பாதை முழுவதும் திறக்கிறது.

1953 மே மாதம் அந்த வேலையில் இருந்த தொழிலாளர்கள்மேல் பனி சரிந்தது. இருவர் மாண்டனர். ஒருவர் காயத்தோடு தப்பினார். இன்னொருவர் பனிக்கு அடியில் 7 மணி நேரத்துக்கு மேல் புதைந்து கிடந்தும் உயிரோடு எடுக்கப்பட்டார். 1969 டிசம்பர் இறுதியில், பூங்காவின் மிக உயர்ந்த சிகரமான கிளீவ்லண்டில் ஏறச் சென்ற ஐந்து இளைஞர்கள் திரும்பவே இல்லை. தேடிப் போனவர்கள் பனிச்சரிவின் அடையாளத்தைக் கண்டார்கள், ஆட்களைக் காணவில்லை. அடுத்த கோடையில் பனி உருகிய பிறகே உடல்கள் கிடைத்தன.

அந்த மலையில்தான் ஹெதரும் கிறிஸ்ஸும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

கருவியா, அனுபவமா?

பனிச்சரிவு என்றதும் மலை உச்சியிலிருந்து ஓர் உருண்டை உருண்டு உருண்டு பெரிதாகி வருவதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கார்ட்டூன் படங்கள் செய்த வேலை அது. ஆட்களைக் கொல்லும் சரிவு பெரும்பாலும் வேறு வகை. சாய்த்து வைத்த பலகையில் சர்க்கரையைப் பரப்பி, அதன்மேல் கனமான அட்டை ஒன்றை வைத்தால் என்ன ஆகும்? சிறிது நேரம் நிற்கும். ஒரு விரலால் தட்டினால் அட்டை முழுவதும் ஒரேயடியாக வழுக்கிவிடும். மலையில் நடப்பதும் இதேதான். குளிர்காலத்தில் விழும் பனி, அடுக்கு அடுக்காகப் படிகிறது. நடுவே ஓர் அடுக்கு சர்க்கரைபோல ஒட்டாமல் பொரபொரவென்று அமைந்துவிட்டால், அதற்கு மேலே உள்ள கெட்டிப் பனி முழுவதும் கடனுக்கு நிற்கிறது என்று பொருள். 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகளில் இந்த அபாயம் அதிகம். பனிச்சறுக்குக்கு ஆசையாகத் தேடிப் போகும் சரிவுகளும் இவைதான் என்பது இயற்கை செய்த குறும்பு.

அந்த அட்டையைத் தட்டும் விரல் யாருடையது? ஆட்கள் சிக்கிய சரிவுகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவரோ அவருடன் சென்றவரோ காலை வைத்ததால் கிளம்பியவை என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். விதி மேலேயிருந்து வந்து விழுந்தது என்று சொல்லித் தப்பிக்க முடியாத கணக்கு இது.

இதை விஞ்ஞானமாகப் படிக்கும் வேலை அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சூடு பிடித்தது. மலைப் படைப்பிரிவில் இருந்து திரும்பிய மான்ட்கோமெரி அட்வாட்டர் என்பவர் யூட்டா மாநிலத்தின் ஆல்ட்டாவில் வனத்துறையின் பனிக் காவலராக வேலைக்குச் சேர்ந்தார். ஒரு பக்கம் பனியை அளந்தார். இன்னொரு பக்கம் ராணுவப் பீரங்கியால் சரிவுகளைச் சுட்டார். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துப் பனியை நாமே சரித்துவிட்டால், ஆட்கள் இருக்கும்போது அது சரியாது அல்லவா? பல சாலைகளிலும் பனிச்சறுக்கு மையங்களிலும் இன்றும் அந்த முறை கையாளப்படுகிறது.

இப்போது தானியங்கி வானிலை நிலையங்கள், கம்ப்யூட்டர் கணக்குகள், செயற்கைக்கோள் படங்கள் என்று எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் முன்னறிவிப்பாளர் இன்றும் மலைக்கு நேரில் போய்ப் பனியில் குழி வெட்டுகிறார். குழியின் சுவரில் அடுக்குகளைப் பார்க்கிறார். பிறகு பனியை ஒரு தூண்போலச் செதுக்கி, அதன் தலைமேல் மண்வாரியை வைத்துக் கையால் தட்டுகிறார். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் 10 தட்டு, முழங்கையிலிருந்து 10 தட்டு, தோளிலிருந்து 10 தட்டு. எத்தனையாவது தட்டில் தூண் உடைகிறது, எந்த அடுக்கில் உடைகிறது, எவ்வளவு வழுவழுப்பாக உடைகிறது என்று குறித்துக்கொள்கிறார். நடக்கும்போது காலடியில் 'உம்ம்' என்று ஓர் அமுங்கின சப்தம் கேட்டால், உள்ளே பலவீனமான அடுக்கு நொறுங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்.

இதில் எது கருவி, எது அனுபவம்? உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரு பரிசோதனையில் கருவி மண்வாரி. அளவுகோல் மனிதக் கை. ஆகவே ஹெதருக்கும் கிறிஸ்ஸுக்கும் நடக்கும் சண்டை கதைக்காக இழுத்துவிட்ட சண்டைதான். அசல் மலையில் அந்த இருவரும் ஒரே ஆளாகத்தான் இருப்பார்கள். அப்படி இருந்தால் காதல் கதை எழுத முடியாது என்பது வேறு விஷயம்.

கடிகாரத்தோடு ஓட்டம்

மீட்புப் படை என்றதும் டெலிவிஷனுக்குப் பிடித்த காட்சி ஹெலிகாப்டர். இறக்கைகள் சுழல, கயிற்றில் தொங்கியபடி கதாநாயகன் இறங்குவான். மலையில் கால் முறிந்து கிடப்பவருக்கும், வழி தவறியவருக்கும் அது தெய்வம்தான். பனியில் புதைந்தவருக்கு மட்டும் அது பெரும்பாலும் காலம் கடந்து வரும் தெய்வம்.

1994-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆராய்ச்சி, ஸ்விட்சர்லாந்தில் பனியில் புதைந்தவர்களின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 15 நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்பட்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் பிழைத்திருந்தார்கள். 35 நிமிடம் ஆனபோது அது 30 ஆக இறங்கிவிட்டது. 2024-ல் வெளிவந்த புதிய ஆராய்ச்சி இன்னும் கறாரானது. சரிவு தொடங்குவது கால் மணி நேரத்தில் அல்ல, 10 நிமிடத்திலேயே என்கிறது அது. மாண்டவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் பாறையிலும் மரத்திலும் மோதி அடிபட்டுப் போகிறார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் மூச்சு முட்டிப் போகிறவர்கள். ஓடும்போது நீர்போல ஓடும் பனி, நின்றவுடன் சிமெண்டுபோல இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் கையை அசைத்து முகத்துக்கு முன் ஒரு சாண் இடம்கூட உண்டாக்கிக்கொள்ள முடியாது.

10 நிமிடத்தில் எந்த ஹெலிகாப்டர் வரும்? செய்தி போய்ச் சேரவே அந்த நேரம் ஆகிவிடும். எனவே பனியில் புதைந்தவரைக் காப்பாற்றக்கூடியவர் பக்கத்தில் நடந்து வந்த ஆள்தான். அவரிடமும் மூன்று பொருள்கள் இருக்க வேண்டும்: ஒன்று, சமிக்ஞை அனுப்பவும் வாங்கவும் வல்ல கைக்கடக்கமான ரேடியோ. இரண்டு, குத்திப் பார்க்க நீண்ட மெல்லிய கம்பி. மூன்று, பனியை வார மண்வாரி. 1968-ல் ஜான் லாட்டன் என்ற எஞ்சினியர் அமெரிக்காவில் உருவாக்கிய ரேடியோதான் இந்த வகையில் முதலில் பயன்பட்டது. இன்று எல்லா நாட்டிலும் இவை 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. இத்தாலிக்காரர் புதைந்தால் ஜப்பான்காரர் கையில் உள்ள கருவி கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

1973-ல் ஸ்வீடன் நாட்டின் ஓரே என்ற ஊரில் பனி சரிந்தபோது, அங்கே இருந்த மாக்னஸ் கிரானெட் என்பவர் தம் பனிச்சறுக்குக் கம்புகளால் குத்திக் குத்தித் தேடினார். அந்தக் கையறு நிலை அவரைத் தூங்கவிடவில்லை. உடையில் தைத்துவிடக்கூடிய சிறிய பிரதிபலிப்பான் பட்டையும், அதைத் தேடும் கருவியும் அதன் விளைவாக வந்தவை. பாட்டரியே வேண்டாத அந்தப் பட்டை இன்று பல கம்பெனிகளின் பனிக்கால உடைகளில் சேர்த்தே தைக்கப்படுகிறது.

பீப்பாய் சுமக்காத நாய்

மலை மீட்புக் கதை என்றால் ஒரு நாய் இல்லாமல் எப்படி? ஸ்விட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையே, 8,100 அடி உயரத்தில் உள்ள பெரிய செயின்ட் பெர்னார்டு கணவாயில் துறவிகளின் சத்திரம் ஒன்று இருக்கிறது. அங்கே வளர்ந்த 'பாரி' என்ற நாய் 40 பேருக்கு மேல் காப்பாற்றியதாகச் சொல்லப்படுகிறது. 1814-ல் இறந்த அதன் உருவம் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாய் தொங்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பீப்பாய், லாண்ட்சீர் என்ற ஆங்கிலேய ஓவியர் 1820-ல் தீட்டிய படத்திலிருந்து பரவிய கற்பனை. நல்லவேளை! குளிரில் விறைத்தவருக்குப் பிராந்தி கொடுத்தால் உடம்புச் சூடு இன்னும் வேகமாக வெளியேறும்.

நாயின் மூக்கு இன்றும் ஓய்வு பெறவில்லை. ரேடியோ இல்லாமல் புதைந்தவரைத் தேட, பயிற்சி பெற்ற நாயைவிட வேகமான வழிகள் சிலவே.

ஐரோப்பாவில் இந்தத் தொழிலைச் சுற்றி டெலிவிஷன் தொடரே ஓடுகிறது. ஜெர்மனியின் இசட்.டி.எஃப். நிறுவனம் 2009-ல் தொடங்கிய மலை மீட்பாளர் தொடர், பிற்காலத்தில் 'டீ பெர்க்ரெட்டர்' என்ற பெயரில் நிலைத்தது. ஆஸ்திரியாவில் டாக்ஸ்டைன் மலையடியில் உள்ள ராம்சாவ் என்ற ஊர்தான் அதன் களம். அங்கேயும் காதல் உண்டு, ஹெலிகாப்டர் உண்டு. ஹால்மார்க் படத்தைவிட ஆபத்து அதிகம், சிரிப்புக் குறைவு.

அசல் மீட்புப் படையினரைப் பற்றி இந்தப் படங்களும் தொடர்களும் அழுத்திச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்கு இதில் சம்பளம் கிடையாது. 1896-ல் வியன்னாவுக்கு அருகே ராக்ஸ் மலையில் பனிச்சரிவில் மூவர் மாண்டதைக் கண்டு, மலையேறும் சங்கத்தார் தாங்களே கூடி அமைத்ததுதான் ஆஸ்திரியாவின் மலை மீட்பு அமைப்பு. அமெரிக்காவில் 1959-ல் ஓரிகன் மாநிலத்தின் ஹூட் மலையில் தோன்றிய மலை மீட்புச் சங்கமும் தொண்டர்களின் கூட்டமைப்புத்தான். மொன்டானாவில் பூங்காவுக்குள் மீட்பு வேலை பூங்காக் காவலர்களின் பொறுப்பு. வெளியே மாவட்ட ஷெரீப்பின் பொறுப்பு. அவர் கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள் தச்சர், வாத்தியார், கடைக்காரர். அடுப்பில் வைத்த காப்பியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள்.

நம் மலைகளில்

தில்லியில் வசிக்கும் தமிழர்களுக்குப் பனி அவ்வளவு தூரத்தில் இல்லை. ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், தாஜ்மகாலுக்கு அடுத்தபடி கேட்பது சிம்லாவையும் மனாலியையும்தான். வாடகைக் கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, பனியை ஒரு கை அள்ளி எறிந்து போட்டோ பிடிக்காமல் திரும்பினால் பயணம் நிறைவு பெறாது.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி சிக்கிமில் காங்டாக்கிலிருந்து நாதுலா செல்லும் சாலையில் நின்றிருந்தவர்களும் இப்படிப் பனி பார்க்கப் போனவர்களே. 13-வது மைல் வரைதான் போக அனுமதி இருந்தது. அதைத் தாண்டி 15-வது மைல் வரை போயிருந்தார்கள். பனி சரிந்து 7 பேர் இறந்தனர். ராணுவத்தினரும் எல்லைச் சாலை அமைப்பினரும் மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு மைல் தூரம்தான் வித்தியாசம்.

தமிழர்கள் மறக்க முடியாத சரிவு 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் நடந்தது. 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின்மேல் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. அங்கே காவல் இருந்தவர்கள் 19-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 10 பேர். அவர்களில் 4 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரும்புபோல் இறுகிய பனியை வெட்டிக்கொண்டே இருந்தார்கள் சக சிப்பாய்கள். டாட், மிஷா என்ற இரு நாய்கள் இடத்தைக் காட்டின. ஆறாவது நாள், கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார். 10 நிமிடக் கணக்கை ஆறு நாள் எதிர்த்து நின்றவர் அவர். நாடே வேண்டிக்கொண்டது. பிப்ரவரி 11-ஆம் தேதி தில்லியில் அவர் உயிர் பிரிந்தது.

நம் நாட்டிலும் ஹெதர்கள் இருக்கிறார்கள். 1969-ல் மனாலியில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ்த் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையம் 2020-ல் வேறோர் ஆய்வுக்கூடத்துடன் இணைந்து இன்று டி.ஜி.ஆர்.இ. என்ற பெயரில் இயங்குகிறது. குளிர்காலத்தில் காஷ்மீர், லடாக், இமாசலம், உத்தராகண்டு மலைகளுக்கு இவர்கள் நிறங்களால் குறித்த எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். அமெரிக்காவில் ஐந்து படிகள் உள்ள எச்சரிக்கை முறை வழக்கில் இருக்கிறது. அங்கே அதிகம் பேர் மாண்டது ஐந்தாவது படி அறிவித்த நாளில் அல்ல, மூன்றாவது படி அறிவித்த நாள்களில்! ஐந்தாவது என்றால் யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. மூன்றாவது என்றால், "நடுத்தரம்தானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஒன்றும் நடக்காத கதை

இந்தக் கணக்கையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஹால்மார்க்காரர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியான ஆளைத்தான் கதாநாயகி ஆக்கியிருக்கிறார்கள் என்று படுகிறது.

மீட்புப் படை வீரனின் வெற்றி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பனியிலிருந்து ஓர் ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தால் கைதட்டுவார்கள், மாலை போடுவார்கள். முன்னறிவிப்பாளரின் வெற்றியை யாராலும் பார்க்க முடியாது. அவள் சொன்னாள், சாலையை மூடினார்கள். இரவில் பனி சரிந்தது, கீழே யாரும் இல்லை. மறுநாள் பத்திரிகையில் செய்தியும் இல்லை. அவளால் பிழைத்தவருக்குத் தாம் பிழைத்தது தெரியாது. சாலையை அநாவசியமாக மூடிவிட்டார்கள் என்று அவளைத் திட்டிக்கொண்டேகூட அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

யாரும் பெரிதாக அழாத, எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பும் கதைகளைத்தான் ஹால்மார்க் சானல் எப்போதும் சொல்லி வருகிறது. அதை நகைச்சுவையாகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆனால் பனிமலையில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், ஒவ்வொரு நாளும் தங்களுக்கு அமைய வேண்டும் என்று அவர்கள் விரும்பும் கதை அதுவாகத்தான் இருக்கும்.

கிறிஸ்ஸும் ஹெதரும் கைகோத்துக்கொண்டு நிற்கட்டும். அடுத்த முறை மனாலிக்கோ குல்மார்க்குக்கோ போகிறவர்கள், சாலையின் குறுக்கே ஒரு தடுப்பும் அதன் அருகே குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் ஒரு காவலரும் தென்பட்டால், "இன்னும் கொஞ்ச தூரம் மட்டும்" என்று அவரிடம் மன்றாடாமல் திரும்பிவிட வேண்டும். போட்டோவில் பனி சற்றுக் குறைவாகத்தான் விழும். போட்டோவில் நிற்பவர்கள் குறையாமல் வீடு திரும்புவார்கள்.